வானில் ஆடும் படம்: ட்ரோன் கமரா வைத்திருக்கும் நம்மவர்க்குச் சில விளக்கங்கள்

புலம்பெயர்ந்த தமிழரின் வாழ்வில் வீடியோப் படம் என்பது வெறும் பொழுதுபோக்காக ஒருபோதும் இருந்ததில்லை. தொலைபேசி அழைப்பே ஆடம்பரமாக இருந்த அந்த ஆண்டுகளில், பாரிசில் நடந்த மகனின் திருமணத்தைக் கொழும்பு விடுதி அறையொன்றில் விசாவுக்காகக் காத்திருந்த தாய் கண்டது ஒரு வீ.எச்.எஸ். நாடாவிலேதான். தந்தையின் இறுதிக் கிரியைகளை ரொறன்ரோவில் இருந்த பிள்ளைகள் கண்டதும் அவ்வாறே. இன்று நாடா மறைந்து, நேரலை வந்துவிட்டது. ஆயினும் வதிவிட அனுமதி இன்றி எல்லை கடக்க முடியாதிருப்போருக்கும், முதுமையினால் பயணம் செய்ய இயலாதோருக்கும், படமே இன்னமும் கண்ணாக இருந்து வருகின்றது.

அந்தக் கண் இப்போது வானத்துக்கும் ஏறிவிட்டது. திருமணம், பூப்புனித நீராட்டு விழா, ஆலயத் தேர்த்திருவிழா என எந்த நிகழ்வாயினும் மேலிருந்து எடுத்த காட்சி ஒன்றேனும் வேண்டும் என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. வதிவிட அனுமதி பெற்ற பின் பகுதிநேரமாகப் படப்பிடிப்பில் ஈடுபட்டுள்ள நம் இளைஞர்கள் பலர், சிறுகச் சிறுகச் சேர்த்த சில நூறு யூரோக்களுக்குப் பழைய ட்ரோன் ஒன்றை வாங்கி வைத்திருக்கின்றார்கள். அவர்களில் பலரிடம் நாம் கேட்கும் முறைப்பாடு ஒன்றே: "படம் ஆடுகிறது."

இதனை அற்ப விடயமாகக் கொள்ளுதல் தகாது. தாலி கட்டும் வேளை மீண்டும் வராது. தேர் இருப்பிடத்தை விட்டுப் புறப்படும் கணமும் ஆண்டுக்கு ஒருமுறைதான். ஆடிய படத்துக்குப் பணம் தர மறுப்போரையும் குறைகூற முடியாது. இன்னொரு புறத்தையும் நாம் கண்டோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வன்னிக்குத் திரும்பாத முதியவர் ஒருவர், தம் காணியின் கிணறும் வேலியும் எங்கே எஞ்சியுள்ளன என்று பார்ப்பதற்காக ஊரிலுள்ள உறவினர் மூலம் வானிலிருந்து படம் எடுப்பித்தார். வந்து சேர்ந்த படத்தில் பனைமரங்கள் நீரில் விழுந்த நிழல்போல நெளிந்தன; எல்லை வேலி எது, ஒழுங்கை எது என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. அந்த நெளிவுக்குக் காரணம் சில யூரோக்களுக்கு மாற்றக்கூடிய ஒரு சுழல் இறகாக இருந்திருக்கக்கூடும். ஆகவேதான் இவ்விடயத்தைச் சற்று விரிவாக ஆராய முற்படுகின்றோம்.

படத்தை நிலைநிறுத்துவது எது?

நடந்துகொண்டே எடுத்தாலும் குலுங்காத படம் என்பது திரைப்படத் துறையின் நெடுநாள் தேடல். அமெரிக்கரான காரெற் பிரவுண் உருவாக்கிய ஸ்டெடிகாம் என்னும் கருவி 1976ஆம் ஆண்டுத் திரைப்படங்களில் பயன்படுத்தப்பட்டபோது அத்தேடலுக்கு ஒரு விடை கிடைத்தது. ட்ரோனில் அதே பணியைச் செய்வது கிம்பல் எனப்படும் தாங்கி. சீனாவின் டி.ஜே.ஐ. நிறுவனம் 2013இல் வெளியிட்ட முதலாவது பான்ரம் ட்ரோனில் கிம்பல் இருக்கவில்லை. வேறொரு சிறு கமராவை அதன் அடியில் மாட்டிப் பறக்கவிட்டார்கள். 2014இல் வந்த பான்ரம் 2 விஷன் பிளஸ் மூன்று அச்சுக் கிம்பலுடன் வந்தது. இன்று 250 கிராமுக்குக் குறைந்த சிறிய ட்ரோன்களிலும் அத்தகைய கிம்பல் உண்டு.

மூன்று அச்சு என்பது மூன்று திசை அசைவு: மேலும் கீழும் குனிந்து நிமிர்தல், பக்கவாட்டில் சரிதல், இடம் வலமாகத் திரும்புதல். ட்ரோன் சரியும் ஒவ்வொரு முறையும் அதனை உணர்கருவிகள் அறிந்து, மூன்று சிறு மோட்டர்கள் கமராவை எதிர்த்திசையில் திருப்புகின்றன. ஆனால் கிம்பலால் திருத்த முடிவது பெரிய, மெதுவான அசைவுகளையே. சுழல் இறகுகளும் மோட்டர்களும் எழுப்பும் மிக விரைவான நடுக்கத்தைத் தடுப்பது, கிம்பலுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள சிறிய இறப்பர்த் தாங்கிகளின் வேலை. இவ்வேறுபாட்டை அறிந்தவருக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

நோயை இனங்காணல்

வைத்தியர் மருந்து எழுதுமுன் நாடி பார்ப்பார். அதுபோல முதலில் ஆட்டத்தின் வகையை அறிதல் வேண்டும். இதற்காகப் படத்தைக் கைத்தொலைபேசித் திரையில் பார்த்து முடிவு செய்யக்கூடாது. பறக்கும்போது திரையில் தெரிவது வானலை வழியே வரும் குறைந்த தரப் படம். அலை தடைப்பட்டால் அது திக்கும். நினைவு அட்டையில் பதிவானதையே கணினியில் இட்டுப் பார்க்க வேண்டும். அங்கும் பழைய கணினியாயின், எச்.265 முறையில் அமைந்த 4கே படத்தை அது விட்டு விட்டே காட்டும். அது ஆட்டமன்று, கணினியின் இயலாமை. அட்டையும் வேகம் குறைந்ததாக இருக்கலாகாது; வீ30 எனக் குறியிடப்பட்ட அட்டை பெரும்பாலான சிறிய ட்ரோன்களுக்குப் போதுமானது.

இவற்றைத் தவிர்த்த பின் எஞ்சும் ஆட்டங்களை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, கூழ்போன்ற நெளிவு. நேரான மரமும் சுவரும் அலையலையாக நெளியும். கமராவின் உணர்தகடு முழுப் படத்தையும் ஒரே கணத்தில் வாசிப்பதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கின்றது. அந்தச் சிறு இடைவெளிக்குள் கமரா நடுங்கினால் ஒவ்வொரு வரியும் சற்று விலகிப் பதிவாகும். ஆகவே நெளிவு கண்டால் நடுக்கத்தைத் தேடுக.

இரண்டாவது, அடிவானம் ஒருபுறம் சரிந்து நிற்றல், அல்லது கமரா தானாகத் தலையாட்டுதல். இது கிம்பலின் கோளாறு.

மூன்றாவது, படம் முழுவதும் மெல்ல மிதந்தும் வட்டமிட்டும் நகர்தல். இங்கே கமரா நிலையாகவே உள்ளது. ட்ரோன்தான் ஓரிடத்தில் நிற்க மாட்டாமல் தவிக்கின்றது.

நான்காவது, தொடக்கத்திலும் முடிவிலும் வெட்டி இழுத்தல். இதற்குப் பொறுப்பு பொறியன்று, அதனை இயக்கும் விரல்.

ஒவ்வொன்றாகச் சோதித்தல்

காற்றில்லாத காலை நேரத்தில், திறந்த வெளியில், மூன்று மீற்றர் உயரத்தில் ட்ரோனை அசையாது நிறுத்தி ஒரு நிமிடம் பதிவு செய்க. அப்போதும் நெளிவு இருப்பின் காற்றின்மேல் பழிபோட இடமில்லை. பின்னர் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே நிமிடத்தை மீண்டும் பதிவு செய்க. ஒரே நாளில் நான்கைந்தை மாற்றியவர், எது குணப்படுத்தியது என்பதை அறியமாட்டார்.

முதலில் சுழல் இறகுகள். மின்கலத்தைக் கழற்றிய பின், நகத்தை இறகின் ஓரமாக ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் நகத்துக்குத் தெரியும். புல்லில் ஒருமுறை உரசினாலே போதும், இறகு சமநிலை இழக்கும். ஒரு மோட்டருக்குரிய இரண்டு இறகுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் எடை ஒவ்வாது. குறியிட்ட இறகு குறியிட்ட மோட்டருக்கே உரியது. திருகாணி தளர்ந்திருப்பின் அதுவும் நடுங்கும். பின்னர் ஒவ்வொரு மோட்டரையும் விரலால் மெல்லச் சுழற்றுங்கள். மணல் அரைபடும் உணர்வு ஒன்றில் மட்டும் தெரிந்தால் கோளாறு அங்கேதான்.

அடுத்து இறப்பர்த் தாங்கிகள். ஒன்று கிழிந்திருக்கலாம், அல்லது விழுந்த வேகத்தில் தன் குழியிலிருந்து கழன்றிருக்கலாம். பழைய ட்ரோன் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே. மின்னை இயக்கியதும் கிம்பல் தானாக ஒருமுறை அசைந்து தன்னைச் சரிபார்த்து நேராக நிற்க வேண்டும். நடுங்கினாலோ, தலை கவிழ்ந்து கிடந்தாலோ, கை வளைந்திருக்கும் அல்லது தட்டையான மெல்லிய இணைப்பு நாடா கிழிந்திருக்கும். விற்பவர் என்ன சொன்னாலும் இதனைக் கண்ணால் காணாமல் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

கிம்பலின் பாதுகாப்பு மூடியைக் கழற்றிய பின்னரே மின்னை இயக்குதல் வேண்டும். உயர்ந்த புல்லின்மேல் வைத்து இயக்கினால் புல் கமராவைத் தடுத்து மோட்டருக்குச் சுமையேற்றும். ஒரு காட்போட் மட்டையை விரித்து அதன்மேல் வைப்பது நன்று. அடிவானம் சரிந்திருப்பின், சமதளமான மேசையில் வைத்து, செயலியிலுள்ள கிம்பல் அளவுதிருத்தத்தைச் செய்யுங்கள். சில நிமிடங்களில் முடியும் வேலை அது.

ட்ரோன் வட்டமிட்டு அலைந்தால் திசைகாட்டியைச் சந்தேகியுங்கள். கார்க் கூரை, இரும்புக் கம்பி பதித்த கொங்கிறீற் தளம் ஆகியன அதனைக் குழப்பும். அவற்றிலிருந்து விலகிச் சென்று ஏற்றுங்கள். உயர்ந்த மாடிகளுக்கு இடையில் ஜி.பி.எஸ். வலுவிழக்கும். நீரின் மேலும் வெண்பனியின் மேலும் தாழப் பறந்தால், தரையைப் பார்த்து நிலைகொள்ளும் அடிக்கண்கள் ஏமாறும்.

காற்றைப் பற்றி ஒரு சொல். சிறிய ட்ரோன்கள் பல செக்கனுக்கு 10.7 மீற்றர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 38 கிலோமீற்றர் வேகக் காற்றைத் தாங்கும் எனக் குறிப்பிடப்படுகின்றன. தாங்கும் என்பது விழாது என்பதே. படம் ஆடாது என்பதன்று. தரையில் இலை அசையாத நாளிலும் மரங்களுக்கு மேலே காற்று வலுத்திருக்கும். ஐரோப்பியக் குளிரில் மின்கலமும் சோர்ந்துவிடும். பறக்கவிடும்வரை அதனைச் சட்டைப்பையில் வைத்துச் சூடாகக் கொண்டு செல்லுங்கள்.

ஒளியும் விரலும்

பொறி முழுவதும் சீராக இருந்தும் வெயில்நாளில் படம் வெட்டி வெட்டி ஓடுவதாகச் சிலர் கூறுவர். இங்கே காரணம் ஒளி. செக்கனுக்கு 25 படம் எடுக்கும்போது ஒவ்வொரு படமும் 1/50 செக்கன் ஒளி பெறுவது கண்ணுக்கு இயல்பான ஓட்டத்தைத் தரும். வெயில் கூடியதும் கமரா தானாக அதனை 1/800, 1/1600 என்று சுருக்கிவிடுகின்றது. ஒவ்வொரு படமும் கத்திபோல் கூர்மையாகி, ஓட்டம் அறுபடுகின்றது. சிறு நடுக்கமும் பெரிதாகத் தெரிகின்றது. இதற்கு மருந்து கமராவுக்கு அணிவிக்கும் கறுப்புக் கண்ணாடியான என்.டி. வடிகட்டி. 1/400 காட்டினால் என்.டி. 8, 1/800 காட்டினால் என்.டி. 16, 1/1600 காட்டினால் என்.டி. 32 அணிவித்து 1/50க்குக் கொண்டுவரலாம். அந்த ட்ரோனுக்கென்றே செய்த வடிகட்டியாக இருத்தல் அவசியம். எடை கூடிய கண்ணாடி கிம்பலை வருத்திப் புதிய ஆட்டத்தை உண்டாக்கும்.

விரலின் ஆட்டத்துக்கோ பயிற்சியே மருந்து. செயலியில் சினி எனப்படும் மெதுவான முறையைத் தெரிவு செய்யுங்கள். ட்ரோனைத் திருப்பும்போது, திரையின் ஒரு கரையில் தோன்றும் கோபுரம் மறுகரையை அடைய ஏறத்தாழ ஏழு செக்கன் ஆகுமாறு திருப்புங்கள். காணியைக் காட்டும் படமாயின் இன்னும் மெதுவாக. பார்ப்பவர் ஒவ்வொரு மரத்தையும் நினைவில் தேடுகின்றார் என்பதை மறவாதீர்கள்.

எடுத்த பின் திருத்தலாமா?

ஓரளவுக்கே. டாவின்சி றிசோல்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே ஆட்டத்தைக் குறைக்கும் வசதி உண்டு. அது படத்தின் ஓரங்களை வெட்டியே நிலைநிறுத்தும். ஆகவே 4கேயில் எடுத்து அதன் அரைவாசி அகலமான 1920 புள்ளி அளவில் கொடுப்போருக்கு இழப்புத் தெரியாது. மிதப்பையும் சிறு குலுக்கத்தையும் இது குறைக்கும். கூழ்போன்ற நெளிவை முழுமையாக நீக்காது.

சட்டமும் முகங்களும்

படம் ஆடாதிருந்தால் மட்டும் போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதிகள் 2020 டிசம்பர் 31 முதலும், அவற்றைப் பின்பற்றிச் சுவிற்சர்லாந்தில் 2023 ஜனவரி 1 முதலும் நடைமுறையில் உள்ளன. கமரா உள்ள ட்ரோன் 250 கிராமுக்குக் குறைந்ததாயினும் இயக்குபவர் பதிவு செய்தல் வேண்டும். 120 மீற்றருக்கு மேல் செல்லலாகாது; கண்பார்வையை விட்டு விலகலாகாது; சிறப்பு அனுமதியின்றிக் கூடிநிற்கும் மக்கள் திரளுக்கு மேலே பறத்தல் ஆகாது. எனவே பல்லாயிரம் அடியார் கூடும் ஜேர்மனியின் ஹம் காமாட்சி அம்பாள் ஆலயத் தேரை மேலிருந்து எடுக்க எவரேனும் அழைத்தால், அனுமதியை முதலில் கேளுங்கள். பாரிஸ் நகரின் மேல் அனுமதியின்றிப் பறத்தல் தடை. ஜேர்மனியில் காப்புறுதியும் கட்டாயம். இலங்கைக்குக் கொண்டுசெல்வோர் அங்குள்ள சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியைப் பெற வேண்டும். அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு, ஒரு தேர்ப்படத்துக்காகப் பொலிஸ் விசாரணை ஒன்று வேண்டியதில்லை.

முகங்களையும் எண்ணிப் பாருங்கள். நம் நிகழ்வுகளுக்கு வருவோருள் தாம் இருக்குமிடம் வெளியில் தெரியக்கூடாது என்று அஞ்சுவோர் இன்றும் உள்ளனர். தெளிவான படம் அவர்களையும் தெளிவாகவே காட்டும். வெளியிடுமுன் ஒரு சொல் கேட்டுவிடுதல் நம் கடமை.

தொழில் தெரிந்தவர் நால்வர் ஒன்றுகூடி, மாதத்தில் ஒரு ஞாயிறு புதியவர்களுக்கு இவற்றைக் கற்றுக்கொடுத்தால் எத்தனையோ இளைஞர்களின் உழைப்பும் பணமும் வீணாகாது. தமிழ்ப் பள்ளிகளும் ஊர்ச் சங்கங்களும் அதற்கு ஒரு மண்டபத்தை ஒழுங்கு செய்து கொடுக்கலாம். கடல் கடந்து இருப்போர் தம் மண்ணையும் மனிதரையும் காணும் வழிகள் சிலவே. அவற்றுள் ஒன்றைச் செம்மையாக வைத்திருப்பது நம் கையில் உள்ளது.