பல் வேரைக் கழுவும் மருந்துகள்

சொத்தை ஆழமாகிப் பற்கூழ் அழுகிவிட்டால், "ரூட் கெனால் செய்யணும்" என்பார் பல் மருத்துவர். மெல்லிய உலோக ஃபைல்களை வேருக்குள் விட்டுச் சுரண்டுவதுதான் அந்தச் சிகிச்சை என்று பலரும் நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். வேர்க்கால்வாய் நேரான குழாய் அல்ல. வளையும், கிளை பிரியும், சில இடங்களில் நாடாவைப்போலத் தட்டையாகிவிடும். நுண் சி.டி. ஸ்கேனில் பார்த்தால், கால்வாய்ச் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஃபைல் தொடாமலே விடுபட்டிருப்பது உண்டு. சுவரைச் சுற்றியுள்ள டென்டின் என்னும் பல்திசுவில் பாக்டீரியா புகுந்து ஒளியும் அளவுக்கு நுண்துளைகள் வேறு. அங்கெல்லாம் போய்ச்சேர திரவத்தால்தான் முடியும்.

அந்தத் திரவங்களில் முதலிடம் சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு. வீட்டில் துணி வெளுக்கும் பிளீச்சில் இருப்பதும் இதுவே. முதல் உலகப்போரில் வேதியியலாளர் ஹென்றி டேக்கின் இதை 0.5 சதவீதக் கரைசலாக்கிப் போர்வீரர்களின் புண்களைக் கழுவக் கொடுத்தார். வேர்ச்சிகிச்சையில் 0.5 முதல் 6 சதவீதம் வரை பயன்படுகிறது. கிருமியைக் கொல்வதோடு, செத்த திசுவையே கரைத்துவிடுகிறது. இந்த இரண்டாவது வேலையை மற்ற மருந்துகள் இப்படிச் செய்வதில்லை. வேலை செய்யச் செய்ய அதன் குளோரின் தீர்ந்துபோகும் என்பதால், அடர்த்தியைக் கூட்டுவதைவிட அடிக்கடி புதிதாகச் செலுத்துவதே முக்கியம் என்பேன்.

ஆபத்தும் இதில்தான் அதிகம். வேரின் நுனியைத் தாண்டிக் கசிந்தால் கடும் வலி, முகவீக்கம், உள்ளே இரத்தக்கசிவு. ஆகவேதான் பக்கவாட்டில் துளையுள்ள ஊசியால், அழுத்தாமல், மெதுவாகச் செலுத்துகிறார்கள்.

2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் இவ்வளவு காரமில்லாதது. டென்டினில் ஒட்டிக்கொண்டு, கழுவி முடித்த பின்னும் கிருமிகளை எதிர்க்கும். ஆனால் அழுகிய திசுவைக் கரைக்காது. ஹைப்போகுளோரைட்டும் இதுவும் ஒன்றாகக் கலந்தால் பழுப்புநிறப் படிவு உண்டாகி நுண்துளைகளை அடைத்துவிடும். நடுவே வேறொரு திரவத்தால் கழுவியே ஆக வேண்டும்.

17 சதவீத ஈ.டி.டி.ஏ. கிருமிக்கொல்லி என்று சொல்லத்தக்கதல்ல. ஃபைல் சுரண்டும்போது சுவரில் அப்பிக்கொள்ளும் தூள்படலத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்திழுத்து நுண்துளைகளைத் திறந்துவிடும். கடைசிக் கட்டத்தில் அதற்கு ஈடில்லை.

என் முடிவு இதுதான்: முதன்மை மருந்து ஹைப்போகுளோரைட், துணைக்கு ஈ.டி.டி.ஏ.; ஹைப்போகுளோரைட் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் குளோர்ஹெக்சிடின். எந்த மருந்தானாலும், பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்னும் விரிப்பைப் பொருத்துவார்களா என்று மருத்துவரிடம் முதலிலேயே கேளுங்கள். மருந்து தொண்டைக்குள் போகாமலும், எச்சில் கிருமி வேருக்குள் புகாமலும் காப்பது அதுதான். கழுவும்போது திடீரென்று வலி சுரீரென ஏறினால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். உடனே கையை உயர்த்திச் சொல்லிவிடுங்கள்.