தாளில் தொடங்கும் படம்

சிலைத் திருட்டைப் பற்றிய ஒரு மணி நேரத் தொலைக்காட்சி ஆவணப்படத்துக்குள் மூன்று படங்கள் இருக்கின்றன. ஒன்று குற்றத்தைச் சொல்வது, இன்னொன்று கலைப்பொருளைக் காட்டுவது, மூன்றாவது அந்தப் பொருள் எந்த ஊரில் எப்படிப் புழங்கியது என்று விளக்குவது. மூன்றுக்கும் வேலைமுறை வேறு வேறு. அவற்றைச் சரியான வரிசையில் செய்துவிட்டால் எடிட்டிங் மேசையில் பாதிச் சண்டை இல்லை.

நல்ல எடுத்துக்காட்டு ஸ்ரீபுரந்தான் நடராசர். அரியலூர் மாவட்டக் கோயில் ஒன்றிலிருந்து 2006இல் திருடப்பட்ட சோழர்காலச் செப்புத் திருமேனி அது. 2008இல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு அதை வாங்கியது. 2014 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சி, 'ஃபோர் கார்னர்ஸ்' நிகழ்ச்சியில் 'தி டான்சிங் சிவா' என்ற தலைப்பில் இந்தக் கதையை ஒளிபரப்பியது. அந்த மாதம் முடிவதற்குள் சிலை காட்சிக்கூடத்திலிருந்து எடுக்கப்பட்டது. செப்டம்பர் 5 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் அதை டெல்லியில் ஒப்படைத்தார். இத்தகைய படத்தை இங்கே, தமிழில், நம் ஊரிலிருந்து எடுப்பதானால் வேலை எங்கே தொடங்கி எப்படி நகரும் என்பதே இக்கட்டுரை.

கேமரா கடைசியில்தான் வருகிறது. முதலில் தாள்கள்.

முதல் தகவல் அறிக்கையை வாங்குவது இப்போது கடினமில்லை. 2016இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணைப்படி, உணர்வுபூர்வமானவை என்று வகைப்படுத்தியவை நீங்கலாக, மற்றவற்றைக் காவல்துறை 24 மணி நேரத்துக்குள் தன் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அதற்கடுத்து குற்றப்பத்திரிகை, பின்பு தீர்ப்பு. அரசுத் துறைகளிடம் கேட்க வேண்டியதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு என்பதால் அந்த மனுவைத்தான் எல்லாவற்றுக்கும் முன்பாகத் தபாலில் சேர்க்க வேண்டும்.

தாள்கள் சேர்ந்ததும் மூன்று பத்திகள் கொண்ட ஒரு பட்டியல் போடப்படுகிறது. இடப்பக்கம் படத்தில் சொல்லப்போகும் வாக்கியம், நடுவே அதற்கான ஆதாரத்தின் பெயரும் பக்க எண்ணும், வலப்பக்கம் அது போலீஸ் சொல்வதா, நீதிமன்றம் முடிவு செய்ததா என்ற குறிப்பு. இந்த மூன்றாவது பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காவலில் இருப்பவர் போலீசாரிடம் கொடுக்கும் வாக்குமூலம் அவருக்கு எதிரான சான்றாகாது. இது பழைய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 23ஆம் பிரிவு. எனவே 'அவர் ஒப்புக்கொண்டார்' என்று ஒரு பத்திரிகைச் செய்தி சொன்னால், பட்டியலில் அந்த வாக்கியம் ஏறவே கூடாது.

தீர்ப்புகளிலும் இதே கவனம் தேவை. ஸ்ரீபுரந்தான் நடராசரை விற்ற நியூயார்க் கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூர் 2011 அக்டோபரில் ஜெர்மனியின் பிராங்பர்ட் விமான நிலையத்தில் கைதானார். 2012 ஜூலையில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். 2022 நவம்பர் 1 அன்று கும்பகோணம் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஆனால் அந்தத் தண்டனை உடையார்பாளையம் வரதராஜப் பெருமாள் கோயில் திருட்டு வழக்குக்கானது. ஸ்ரீபுரந்தான் நடராசரின் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு இந்தத் தீர்ப்பைப் பின்குரலில் சொன்னால், சொல்லும் படமும் சேர்ந்து ஒரு பொய்யைச் சொல்லிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே உண்மை. பட்டியலின் வேலை இந்த ஒட்டை முன்கூட்டியே பிரித்துவைப்பது.

அடுத்தது புகைப்படம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களின் நடுவிலிருந்து தென்னிந்தியக் கோயில்களையும் சிலைகளையும் படம் எடுத்துத் தொகுத்து வந்திருக்கிறது. அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. கோயிலுக்குள் சிலை இருந்ததைக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படம் ஒருபுறம், அருங்காட்சியக அட்டவணையின் வண்ணப் படம் மறுபுறம். இரண்டும் ஒன்றுதானா என்று தீர்ப்பதில் ஒரு நேர்த்தியான முறை இருக்கிறது.

முதலில் இரு படங்களிலும் பீடத்தின் அடியிலிருந்து முடியின் உச்சிவரை உயரத்தைச் சமமாக்க வேண்டும். உருவத்தின் வெளிக்கோட்டை ஒப்பிடுவதில் பயனில்லை, ஏனென்றால் கேமரா நின்ற உயரம் மாறினால் கோடும் மாறும். காயங்களைத்தான் ஒப்பிட வேண்டும். திருவாசியின் எந்தச் சுடர் ஒடிந்திருக்கிறது, எந்த விரல் தேய்ந்திருக்கிறது, பீடத்தில் எங்கே பிசிறு, எங்கே ஓட்டை என்று எண்ணிட்டுக் குறிக்க வேண்டும். இங்கே வார்ப்புமுறை நமக்குத் துணையாகிறது. மெழுகில் செய்த உருவத்தின் மேல் வண்டல் மண் பூசி, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுகிறார்கள். ஆறியதும் அச்சை உடைத்தால்தான் சிலை வெளிவரும். ஓர் அச்சு ஒரு சிலைக்குத்தான். ஆகவே இரண்டு சிலைகளில் ஒரே இடத்தில் ஒரே பிசிறு இருக்க வழியில்லை. குறித்த புள்ளிகள் எல்லாம் பொருந்தினால் பிறகு விற்பனையாளர் கொடுத்த தாளைப் பார்க்கலாம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போனதாக ஸ்ரீபுரந்தான் நடராசருக்கு ஒரு வரலாறு எழுதிக் கொடுத்திருந்தார்கள். கோயிலில் எடுத்த படம் அதற்குப் பிந்தையது என்றால், அந்த வரலாறு அங்கேயே முடிந்துவிடுகிறது.

படமே இல்லாத சிலைக்கும் வழி உண்டு. 1976இல் பத்தூரில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்து லண்டனுக்குக் கடத்தப்பட்ட நடராசர் வழக்கில், அதே இடத்தில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு ஒப்பிட்டு, ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் தடத்தையும் நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். 1991இல் அந்தச் சிலை திரும்பியது. கரையான் சாட்சி சொன்ன வழக்கு தொலைக்காட்சிக்கு லட்டுபோலத்தான்.

இந்த இரண்டு கட்டங்களும் முடிந்தபின்தான் ஊருக்கு வர வேண்டும். நான் திருமுக்கூடலைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். எதிர்க்கரையில் பழையசீவரம். இங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், படப்பிடிப்புக்கு அத்துறையின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். வழிபாடு நடக்கும் நேரம், கருவறை, பூசை செய்வோரின் விருப்பம் எல்லாம் தனி. ட்ரோன் பறக்கவிடுவதானால் 2021 விதிகளின்படி பச்சை மண்டலத்திலும் 120 மீட்டர்தான் உச்சவரம்பு. ஆறு கூடுவதைக் காட்ட அது போதும். அதற்குமேல் போனால் ஆறு வெறும் கோடாகிவிடும்.

திருட்டுப் படத்தில் திருமுக்கூடலுக்கு என்ன வேலை? கோயில் என்பது சிலை வைத்த பூட்டிய அறை என்று எண்ணும் பார்வையாளருக்கு, அது ஒரு காலத்தில் என்னென்ன நடத்தியது என்று ஒரே சுவரில் காட்டலாம். 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திரனின் நீண்ட கல்வெட்டு இங்கே இருக்கிறது. வேதமும் இலக்கணமும் ஆகமமும் கற்ற மாணவர்களின் உணவு, சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கான எண்ணெய், 'வீரசோழன்' என்ற பெயரில் நடந்த 15 கட்டில் கொண்ட மருத்துவமனையான ஆதுலர் சாலை, அதில் மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர், அவரவர் கூலி, இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள் என்று கணக்குப் புத்தகம்போல் எல்லாம் அடுக்கப்பட்டிருக்கிறது.

கல்வெட்டைப் படம் எடுப்பது தனிக்கலை. நேர் எதிரே விளக்கு வைத்தால் எழுத்து மறைந்து கல் மட்டும் தெரியும். எல்இடி விளக்கு ஒன்றை ஸ்டாண்டில் ஏற்றி, எழுத்திலிருந்து சுமார் 2 மீட்டர் பக்கவாட்டில், சுவரை உரசுகிற மாதிரி 10 முதல் 15 பாகை சாய்வில் ஒளி விழச் செய்ய வேண்டும். வெட்டின் ஒரு கரை ஒளிரும், மறு கரை நிழலாகும், எழுத்து எழுந்து நிற்கும். பக்கவாட்டு ஒளியில் செங்குத்துக் கோடுகள் நன்றாகத் தெரிந்தாலும் கிடைக்கோடுகள் மங்கிப்போகும். ஆகவே விளக்கை மேலே ஏற்றி அதே வரியை இன்னொரு முறை எடுத்து, இரண்டில் தெளிவானதை எடிட்டர் எடுத்துக்கொள்வார். பகல் வெளிச்சம் நிழலைத் தின்றுவிடும் என்பதால் பொழுது சாய்ந்தபின் எடுப்பதே நல்லது. பகலில்தான் அனுமதி என்றால் கறுப்புத் துணியால் மறைப்புக் கட்ட வேண்டும். எழுத்து தெரிய மாவோ சுண்ணமோ பூசுவது கூடவே கூடாது. மைப்படி எடுப்பதும் கல்வெட்டறிஞர் வேலை, படக்குழுவின் வேலையன்று.

எந்த வரியில் கேமராவை நிறுத்துவது என்று அங்கே போய்த் தேடக் கூடாது. இந்தக் கல்வெட்டு 'எபிகிராபியா இண்டிகா' 21ஆம் தொகுதியில் வரி எண்ணோடு அச்சாகியிருக்கிறது. அந்தப் பக்கங்களின் நகலில் கட்டில், மருந்து, கூலி வரும் வரிகளுக்கு அடிக்கோடு போட்டு ஒளிப்பதிவாளர் கையில் கொடுத்துவிட வேண்டும். சிறு தண்டவாளத்தில் கேமராவை நகர்த்தும்போது, பின்குரல் வாசிக்கும் வேகமே தண்டவாளத்தின் வேகம். ஒருவர் வரியை உரக்கப் படிக்க, மற்றவர் தள்ள வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் கோயில் குழல்விளக்குகள் துடிக்காது.

இன்னொரு நாளும் இங்கே வர வேண்டும், அந்த நாளை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. பொங்கலுக்கு மறுநாள் காஞ்சி வரதர் பார்வேட்டைக்காகப் பழையசீவரம் வந்து, அங்கிருந்து பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு எழுந்தருள்கிறார். சுற்றுவட்டாரப் பெருமாள்களும் கூடுகிறார்கள். படத்தின் மொத்த நாள்காட்டியும் இந்த ஒரு நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடப்பட வேண்டும், தவறினால் ஓராண்டு போய்விடும். ஒரு கேமரா கூட்டத்தோடு, ஒன்று எதிர்க்கரையில், மூன்றாவது பல்லக்கின் தோள்மட்டத்தில். உற்சவத் திருமேனிகள் தூக்கிச் செல்வதற்கென்றே செய்யப்பட்டவை. பழைய செப்புத் திருமேனிகளின் பீடத்தில் தண்டு நுழைக்கவும் கட்டவும் துளைகளும் வளையங்களும் இருப்பதைக் காணலாம். கருங்கல் மூலவரைவிட உலோக உற்சவர் கடத்தலுக்கு அதிகம் இரையாவதன் காரணத்தை வேறெந்த விளக்கமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லாது. தோள்மட்டக் கேமராவின் சில நொடிகளைக் குற்றப்பகுதியின் தொடக்கத்தில் வைத்தால் கலைப்படமும் குற்றப்படமும் அங்கே கச்சிதமாக இணைகின்றன.

பேட்டிகள் அதற்குப் பின். சட்டையில் சிறு மைக், தலைக்குமேல் ஒரு பூம் மைக், இரண்டும் தனித்தனித் தடத்தில். இப்பகுதிச் சாலைகளில் ஜல்லி லாரிகள் அதிகம் என்பதால் கதவடைத்த அறையே உத்தமம். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் ஓசையைப் பதிவு செய்ய வேண்டும். பின்னால் வெட்டும் இடங்களை ஒட்டவைக்கும் பசை அதுதான்.

திருட்டை நடித்துக் காட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. வேண்டுமென்றால் கை, டார்ச், பூட்டு, அவ்வளவு போதும். முகம் வேண்டாம். 'சித்திரிப்பு' என்ற சொல் முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை திரையில் நிற்க வேண்டும். நடிப்பதற்குப் பதிலாக வெறும் இடத்தைக் காட்டுவது பெரும்பாலும் வலுவாக இருக்கும்.

ஒவ்வொரு நாள் படப்பிடிப்பு முடிந்ததும், மெமரி கார்டை அழிப்பதற்கு முன், அதிலுள்ளவற்றை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் நகலெடுக்க வேண்டும். நகலெடுக்கும் மென்பொருள் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ஹாஷ் எண்ணைக் கணக்கிட்டுத் தரும். மூலத்தின் எண்ணும் நகலின் எண்ணும் ஒன்றாக இருந்தால் ஒரு பிட்கூட மாறவில்லை என்று பொருள். இந்த எண்கள் தேதி, இடம், கேமரா எண்ணோடு நாட்குறிப்பில் ஏறும். மூன்றாவது நகல் வேறு ஊரில் இருக்க வேண்டும்.

எடிட்டிங்கில் முதலில் தொடுவது படத்தையன்று. பேட்டிகள் முழுவதையும் நேரக்குறியீட்டோடு தட்டச்சு செய்து, துண்டுகளை வரிசையாக்கி, தாளிலேயே படத்தைக் கட்டுவார்கள். பேப்பர் எடிட் என்பது இதுதான். கேபிள் விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் விளம்பரத்துக்கும் சேனலின் சொந்த அறிவிப்புகளுக்கும் சேர்த்து 12 நிமிடம்தான். எனவே படம் 48 நிமிடம், இடைவேளைகளுக்காக நான்கு துண்டு. கோயில், காணாமல்போதல், வணிகர் தாள், திரும்புதல் என்று நான்கும் இயல்பாகவே பிரிகின்றன.

காஞ்சிபுரம் வட்டாரத்து யோகினிச் சிலைகளை இரண்டாம் துண்டின் இறுதியில் வைக்கலாம். 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவை 1920களில் புதுச்சேரி பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ரேய், பாரிஸ் வணிகர் சி.டி. லூ ஆகியோர் வழியாக வெளியேறி, இன்று பாரிஸ், லண்டன், வாஷிங்டன், டொரன்டோ அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுக்கு ஸ்ரீபுரந்தானைப் போன்ற வழக்கில்லை, 1972ஆம் ஆண்டுச் சட்டமும் அப்போது இல்லை. திருட்டு என்ற சொல் அங்கே வரக் கூடாது. வராமலே சொல்ல முடிகிறதா என்பதில் எழுத்தாளரின் திறமை தெரியும்.

படம் வெட்டி முடிந்து, இனி ஒரு பிரேமும் நகராது என்று பூட்டிய பிறகே பின்குரல் இறுதியாக எழுதப்படும். படம் காட்டுவதைக் குரல் திரும்பச் சொல்லாமல், படத்தால் காட்ட முடியாத ஆண்டு, தொகை, பெயர் மட்டும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் போட்ட மூன்று பத்திப் பட்டியல் இப்போது வழக்கறிஞரிடம் போகிறது. வாக்கியத்துக்கு வாக்கியம் அவர் டிக் போடுவார். விசாரணையில் இருக்கும் வழக்குகளில் 'திருடினார்' எல்லாம் 'திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டார்' ஆகும். ஓரிரு சொல் நீண்டாலும் பரவாயில்லை என்று, குரல் கொடுப்பவருக்கு முன்பே இடம் விட்டிருப்பார் நல்ல எடிட்டர்.

வண்ணம் சீராக்கி, 48 கிலோஹெர்ட்ஸில் ஒலி கலந்து, முதன்மைக் கோப்பை சேனலிடம் கொடுத்தாலும் வேலை தீர்வதில்லை. சிலை வழக்குகள் மேல்முறையீட்டுக்குப் போகும், பேட்டியளித்தவர் சாட்சியாகலாம், நீதிமன்றம் வெட்டாத பதிவைக் கேட்கலாம். புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும், அதன் படிவத்தில் ஹாஷ் எண்ணுக்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. ஒவ்வொரு மாலையும் நாட்குறிப்பில் ஏறிய எண்ணை எடுத்து அதில் எழுதினால் போதும்.