காவலர் வீரவணக்க நாள்

காவலர் வீரவணக்க நாள் என்பது பணியின்போது உயிர்நீத்த காவல்துறையினரை நினைவுகூரும் வகையில் இந்தியா முழுவதும் ஆண்டுதோறும் அக்டோபர் 21 அன்று கடைப்பிடிக்கப்படும் நாளாகும். காவலர் நினைவு நாள், காவலர் நீத்தார் நினைவு நாள் ஆகிய பெயர்களும் வழக்கில் உள்ளன. 1959 ஆம் ஆண்டு இதே நாளில் லடாக்கின் ஆட் ஸ்பிரிங்ஸ் (வெந்நீர் ஊற்று) பகுதியில் சீனப் படையினரின் தாக்குதலில் இந்தியக் காவலர் பத்துப் பேர் கொல்லப்பட்டதை அடிப்படையாகக் கொண்டு இந்நாள் தெரிவு செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் சென்னையிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் இந்நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. திருத்தங்கல், சிவகாசி உள்ளிட்ட பட்டாசுத் தொழிற்பகுதி அடங்கிய விருதுநகர் மாவட்டத்தில் மாவட்ட ஆயுதப்படை மைதானத்தில் நிகழ்வு நடைபெறுகிறது.

பெயர் விளக்கம்

இந்நாளைக் "காவலர் நாள்" என்பதுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. சென்னை மாவட்டக் காவல் சட்டம் 1859 ஆம் ஆண்டு செப்டம்பர் 6 அன்று இயற்றப்பட்டதை முன்னிட்டு, செப்டம்பர் 6 ஆம் நாள் காவலர் நாளாகக் கொண்டாடப்படும் என 2025 இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அது துறையின் தோற்றத்தைக் கொண்டாடும் நாள். அக்டோபர் 21 இறந்தோருக்கு உரிய நாள்.

வரலாறு

1959 இல் இந்திய-திபெத் எல்லையைக் காக்கும் பொறுப்பு காவல்துறையிடமே இருந்தது. சுமார் 2,500 மைல் நீளமுள்ள இவ்வெல்லையின் பெரும்பகுதி, மக்கள் வாழ்வதற்கு அரிய உயர்மலைப் பகுதியாகும். இன்று எல்லைக் காவலில் ஈடுபட்டுள்ள இந்தோ-திபெத்திய எல்லைக் காவல்படை அப்போது இல்லை. அது 1962 அக்டோபர் 24 அன்றே உருவாக்கப்பட்டது.

1959 அக்டோபர் 20 அன்று, லனக் கணவாய் நோக்கிச் சென்றுகொண்டிருந்த இந்தியக் குழு ஒன்றின் அடுத்த கட்டப் பயணத்துக்கான ஆயத்தமாக, ஆட் ஸ்பிரிங்சிலிருந்து மூன்று சிறு குழுக்கள் அனுப்பப்பட்டன. இரண்டு குழுக்கள் அன்று பிற்பகலுக்குள் திரும்பின. இரு காவலரும் ஒரு சுமைதூக்குபவரும் கொண்ட மூன்றாவது குழு திரும்பவில்லை.

மறுநாள் காலை, முகாமில் இருந்த அனைவரும் அம்மூவரையும் தேடும் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். கரம் சிங் என்ற அதிகாரியின் தலைமையில் சுமார் 20 பேர் குதிரைகளில் முன்னே சென்றனர். மற்றவர்கள் மூன்று பிரிவுகளாக நடந்து பின்தொடர்ந்தனர். நண்பகல் அளவில், குன்று ஒன்றின் மேலிருந்த சீனப் படையினர் முன்னே சென்ற குழுவினர் மீது துப்பாக்கியால் சுட்டும் கையெறி குண்டுகளை வீசியும் தாக்கினர். மறைவிடம் ஏதுமற்ற வெட்டவெளியாகையால் குழுவினரில் பெரும்பாலோர் காயமுற்றனர். பத்துப் பேர் உயிரிழந்தனர். காயமடைந்த எழுவர் சிறைபிடிக்கப்பட்டனர். எஞ்சியோர் தப்பினர்.

இறந்தோரின் உடல்கள் மூன்று வாரங்களுக்குப் பின்னர், நவம்பர் 13 அன்றே சீனத் தரப்பால் ஒப்படைக்கப்பட்டன. அவை ஆட் ஸ்பிரிங்சிலேயே முழுக் காவல்துறை மரியாதையுடன் எரியூட்டப்பட்டன. 1960 சனவரியில் நடைபெற்ற மாநிலக் காவல்துறைத் தலைவர்களின் ஆண்டு மாநாடு, அக்டோபர் 21 ஆம் நாளை நாடெங்கும் நினைவு நாளாகக் கடைப்பிடிக்க முடிவு செய்தது. ஆட் ஸ்பிரிங்சில் நினைவுச்சின்னமும் எழுப்பப்பட்டது. பல மாநிலங்களின் காவலர்கள் கொண்ட குழு ஆண்டுதோறும் அங்கு சென்று அஞ்சலி செலுத்துவது வழக்கம்.

அன்று இறந்தவர்கள் காணாமற்போன தம் தோழர்களைத் தேடிச் சென்றவர்கள் ஆவர். எனவே இந்நாள் எல்லைப் பூசலின் நினைவாக இருப்பதுடன், உடன் பணியாற்றுவோரைக் கைவிடாமையின் நினைவாகவும் காவல்துறையினரால் கருதப்படுகிறது.

தேசியக் காவலர் நினைவிடம்

2018 அக்டோபர் 21 அன்று புது தில்லி சாணக்கியபுரியில் தேசியக் காவலர் நினைவிடம் பிரதமர் நரேந்திர மோதியால் திறந்து வைக்கப்பட்டது. 30 அடி உயரமும் 238 தொன் எடையும் கொண்ட ஒற்றைக் கருங்கல் இதன் மையச் சிற்பமாகும். இதனை வடிவமைத்தவர் சிற்பி அத்வைத கடநாயக். இங்குள்ள வீரச்சுவரில், விடுதலைக்குப் பின் பணியின்போது இறந்த காவலர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. திறப்பு விழாவின்போது இப்பெயர்களின் எண்ணிக்கை 34,844 ஆகும். நினைவிடத்தில் காவல்துறை அருங்காட்சியகமும் உண்டு.

நிகழ்வு முறை

அணிவகுப்பு மைதானத்திலோ அலுவலக வளாகத்திலோ உள்ள நினைவுத் தூணின் முன் காவலர் அணி நிற்கும். முந்தைய ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடப்பாண்டு ஆகத்து 31 வரை நாடு முழுவதும் பணியின்போது இறந்தோரின் பட்டியல் நினைவுகூரப்படும். இதில் காவலர் முதல் உயர் அதிகாரி வரை எல்லா நிலையினரும் அடங்குவர்.

அணியினர் துப்பாக்கிக் குழல் தரையை நோக்கியிருக்கும்படி ஆயுதத்தைத் தலைகீழாகப் பிடிப்பர். இது துயரத்தைக் குறிக்கும் படைமரபு. ஊதுகொம்பு இசைக்கப்படும். அதிகாரிகள் மலர்வளையம் வைப்பர். பின்னர் வானை நோக்கி மூன்று முறை துப்பாக்கிகள் முழங்கும். ஐரோப்பியப் போர்க்களங்களில், தம் தரப்பில் இறந்தோரை எடுத்து முடித்துவிட்டோம் என்பதை அறிவிக்க மூன்று முறை சுடப்பட்டதிலிருந்து இவ்வழக்கம் தோன்றியதாகக் கூறப்படுகிறது. மாவட்டங்களில் இறந்த காவலர்களின் குடும்பத்தினரும் அழைக்கப்படுகின்றனர்.

தமிழ்நாட்டில்

சென்னை கடற்கரைச் சாலையில் (காமராசர் சாலை) உள்ள காவல்துறைத் தலைமை இயக்குநர் அலுவலக வளாகத்தில் மாநில அளவிலான நிகழ்வு நடைபெறுகிறது. தமிழ்நாட்டுக் காவல்துறையின் பிற்கால வரலாற்றில் குறிப்பிடத்தக்க உயிரிழப்புகள் சில பின்வருமாறு:

* 1980 ஆகத்து 6: திருப்பத்தூரில் கைது செய்து அழைத்துச் செல்லப்பட்ட நக்சலைட்டுகள் வெடிகுண்டை வெடிக்கச் செய்ததில் ஆய்வாளர் பழனிச்சாமியும் உடனிருந்த காவலர்களும் இறந்தனர். இதன்பின் தொடங்கிய நடவடிக்கைக்கு, பழனிச்சாமியின் மகள் பெயரால் "ஆபரேசன் அசந்தா" எனப் பெயரிட்டார் காவல்துறை அதிகாரி வால்டர் தேவாரம். திருப்பத்தூரில் ஆண்டுதோறும் ஆகத்து 6 அன்று தனியாக அஞ்சலி செலுத்தப்படுகிறது.
* 1991 மே 21: திருப்பெரும்புதூரில் ராசீவ் காந்தி கொல்லப்பட்ட குண்டுவெடிப்பில், பாதுகாப்புப் பணியில் இருந்த காவல்துறையினர் ஒன்பது பேர் இறந்தனர். காவல் கண்காணிப்பாளர் முகமது இக்பால், ஆய்வாளர் ராசகுரு ஆகியோர் இவர்களுள் அடங்குவர்.
* 1993 ஏப்ரல் 9: பாலாற்றுப் பகுதியில் வீரப்பன் குழுவினர் வைத்த கண்ணிவெடியில் காவல்துறையினர், வனத்துறையினர், தகவல் தருவோர் என 22 பேர் இறந்தனர்.
* 2017 திசம்பர் 13: நகைக்கடைக் கொள்ளையரைத் தேடி ராசத்தான் மாநிலம் பாலி மாவட்டம் சென்ற மதுரவாயல் ஆய்வாளர் பெரியபாண்டியன் குண்டு பாய்ந்து இறந்தார். உடன் சென்ற அதிகாரியின் கைத்துப்பாக்கி தவறுதலாக வெடித்ததே காரணம் என ராசத்தான் காவல்துறை பின்னர் தெரிவித்தது.
* 2020 சனவரி 8: கன்னியாகுமரி மாவட்டம் களியக்காவிளை சோதனைச்சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக்கொல்லப்பட்டார்.
* 2020 ஆகத்து 18: தூத்துக்குடி மாவட்டம் வல்லநாடு அருகே, தேடப்பட்ட ஒருவரைப் பிடிக்கச் சென்ற காவலர் சுப்பிரமணியன் நாட்டு வெடிகுண்டு வீச்சில் இறந்தார்.
* 2021 நவம்பர் 21: ஆடு திருடர்களை இரவில் தனியாகத் துரத்திச் சென்று பிடித்த திருச்சி நவல்பட்டுக் காவல்நிலையச் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே வெட்டிக்கொல்லப்பட்டார்.

இவர்களுள் பெரும்பாலோர் காவல்நிலைய அளவில் பணிபுரிந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. இரவு ரோந்து, சோதனைச்சாவடி, குற்றவாளியைத் தேடிச் செல்லுதல் ஆகிய அன்றாடப் பணிகளே உயிரிழப்புக்குக் களமாயின.

விருதுநகர் மாவட்டமும் திருத்தங்கலும்

திருத்தங்கல் காவல்நிலையம் சிவகாசி உட்கோட்டத்தைச் சேர்ந்தது. நகராட்சியாக இருந்த திருத்தங்கல் 2021 இல் சிவகாசி மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்கள் மிகுந்த இப்பகுதியில் காவலரின் பணி பிற பகுதிகளிலிருந்து சற்று வேறுபட்டது. பட்டாசு ஆலையில் வெடிவிபத்து நேர்ந்தால், தீயணைப்புத் துறையினருடன் காவலரும் முதலில் அவ்விடம் சேர வேண்டியவர்கள். கூட்டத்தை விலக்குதல், காயமுற்றோரை அனுப்புதல், உடல்களை அடையாளம் காணுதல், பிண ஆய்வு செய்து வழக்குப் பதிதல் ஆகியன அவர்களின் கடமைகள். முதல் வெடிப்புக்குப் பின்னரும் எஞ்சிய மருந்து வெடிக்கக்கூடும் என்பதே இதிலுள்ள இடர். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த பெருவிபத்தில், உதவச் சென்றவர்களும் பார்க்கச் சென்றவர்களும் அடுத்தடுத்த வெடிப்புகளில் சிக்கி மாண்டனர்.

அக்டோபர் 21 தீபாவளிப் பருவத்தில் வருவதால், இப்பகுதிக் காவலர்களுக்கு நினைவு நாளும் பணிச்சுமை மிக்க வாரங்களும் ஒன்றாக அமைகின்றன. 2025 இல் தீபாவளிக்கு மறுநாளே வீரவணக்க நாள் வந்தது.

தீயணைப்போருக்கும் இதனை ஒத்த நாள் உண்டு. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது இறந்த தீயணைப்பு வீரர்களை நினைவுகூர்ந்து ஏப்ரல் 14 கடைப்பிடிக்கப்படுகிறது.

திருத்தங்கல், சிலப்பதிகாரத்தில் "தங்கால்" எனக் குறிப்பிடப்படுகிறது. அந்நூலின் கட்டுரைக் காதையில் இவ்வூரைச் சேர்ந்த வார்த்திகன் என்பவன் அரசனின் ஏவலர்களால் பொய்க்குற்றம் சாட்டப்பட்டுச் சிறையிடப்படுகிறான். உண்மை அறிந்த பாண்டியன் அவனை விடுவித்துத் தவற்றைப் பொறுக்க வேண்டி, தங்காலையும் வயலூரையும் அளிக்கிறான். காவலர் தவறினால் பழி அரசைச் சேரும் என்பது இக்கதையின் கருத்து. காவலரின் தியாகத்தைப் போற்றுதலும் காவலரின் அத்துமீறலைக் கேள்வி கேட்டலும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதற்கு இது பழைய சான்றாகும்.

நடுகல் மரபு

கடமையில் இறந்தோர்க்குக் கல் நடுதல் தமிழரின் தொன்மையான வழக்கம். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனக் கல் நாட்டும் படிநிலைகளைத் தொல்காப்பியம் புறத்திணையியல் குறிப்பிடுகிறது. 2006 இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்று ஆநிரைப் பூசலில் இறந்த வீரனுக்கு உரியது. கால்நடைகளை மீட்கச் சென்று இறந்தோருக்கு எடுக்கப்பட்ட நடுகற்கள் தமிழகத்தில் ஏராளம். திருடப்பட்ட ஆடுகளுக்காக உயிரிழந்த பூமிநாதனின் இறப்பு இம்மரபுடன் ஒப்பிடத்தக்கது. நடுகல்லைப் போலவே நினைவுத் தூணிலும் பெயரே முதன்மையானது.

காவலரிடையே தோழமை

காவலர் பயிற்சியில் ஒரே ஆண்டில் சேர்ந்தவர்கள் ஒரு "பேட்ச்" எனப்படுகின்றனர். பயிற்சிக்குப் பின் வெவ்வேறு மாவட்டங்களுக்குப் பிரிந்தாலும் இவ்வுறவு பணிக்காலம் முழுவதும் நீடிக்கிறது.

இந்தியாவில் காவல்துறையினர் சங்கம் அமைக்கும் உரிமை, 1966 ஆம் ஆண்டின் காவல்படைகள் (உரிமைக் கட்டுப்பாடு) சட்டத்தால் வரையறுக்கப்பட்டுள்ளது. கேரளத்தில் காவலர் சங்கம் இயங்குகிறது. தமிழ்நாட்டில் ஏற்பளிக்கப்பட்ட காவலர் சங்கம் இல்லை. இந்நிலையில், அண்மைக் காலத்தில் ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்த காவலர்கள் கைப்பேசிச் செய்திக் குழுக்கள் வழியாக ஒருங்கிணைந்து, "காக்கும் உறவுகள்" போன்ற பெயர்களில் உதவி அமைப்புகளை நடத்திவருகின்றனர். உடன் சேர்ந்த ஒருவர் இறந்தால் ஒவ்வொருவரும் சிறு தொகை அளிப்பர். திரண்ட தொகை இறந்தவரின் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரிடம் வழங்கப்படும். பிள்ளைகளின் பெயரில் வைப்புத்தொகையாக அளிப்பதும் உண்டு.

இவ்வுதவியின் தேவை தெளிவானது. தாக்குதலில் இறந்த காவலரின் குடும்பத்துக்கு அரசு பெருந்தொகையும் வாரிசுக்கு வேலையும் அறிவிப்பது வழக்கம். பெரியபாண்டியன், வில்சன், பூமிநாதன் ஆகியோரின் குடும்பங்களுக்குத் தலா ஒரு கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. சாலை விபத்திலோ மாரடைப்பிலோ இறக்கும் காவலர் செய்தியில் இடம்பெறுவது அரிது. ஆனால் வருவாய் ஈட்டியவரை இழந்த குடும்பத்தின் நிலை இரு சூழலிலும் ஒன்றே. பேட்ச் உதவி, இறப்பின் தன்மையைப் பார்க்காமல் குடும்பத்தைப் பார்க்கிறது.

பிற நாடுகளில்

* இலங்கை: மார்ச்சு 21 காவல்துறை வீரர் நாளாகும். 1864 இல் இதே நாளில் உதுவன்கந்தை சரதியேலைப் பிடிக்கும் முயற்சியில் கொல்லப்பட்ட சபான் என்ற காவலரே பணியில் இறந்த முதல் இலங்கைக் காவலராகக் கருதப்படுகிறார்.
* ஐக்கிய அமெரிக்கா: மே 15. 1962 இல் குடியரசுத் தலைவர் கென்னடி இதனை அறிவித்தார். 1991 இல் வாசிங்டனில் தேசிய நினைவிடம் திறக்கப்பட்டது.
* ஆத்திரேலியா, நியூசிலாந்து: செப்டம்பர் 29. கிறித்தவ மரபில் காவலரின் பாதுகாவலராகக் கருதப்படும் புனித மிக்கேலின் திருநாள் இதுவாகும்.
* ஐக்கிய இராச்சியம்: 2004 முதல், செப்டம்பர் 29 ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை.

இவற்றையும் பார்க்க

* தமிழ்நாடு காவல்துறை
* இந்தோ-திபெத்திய எல்லைக் காவல்படை
* நடுகல்
* திருத்தங்கல்
* விருதுநகர் மாவட்டம்