இழுத்துப் போகும் டிரெய்லருக்கு பிரேக் எங்கே?

வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கம் அறுவடை முடிந்து நெல் கொள்முதல் நிலையங்கள் திறந்துவிட்டால், காஞ்சிபுரம் மாவட்டத்துச் சாலைகளில் டிராக்டர்கள் வரிசை கட்டும். ஒவ்வொன்றின் பின்னாலும் மூட்டை அடுக்கிய டிரெய்லர். கொஞ்சம் சரிவான இடத்தில் நிறுத்த வேண்டி வந்தால், ஓட்டுநர் இறங்கியதும் தேடுவது ஒரு கருங்கல்லை. சக்கரத்துக்கு அண்டை கொடுக்க. கிளம்பும்போது அந்தக் கல் ரோட்டிலேயே கிடக்கும். இருட்டில் பைக்கில் வருபவர் பாடு அவர் தலையெழுத்து. நிற்கிற டிரெய்லருக்காவது கல் இருக்கிறது. ஓடுகிற டிரெய்லரை எது நிறுத்தும்?

டிராக்டரின் பிரேக் நிறுத்திவிடும் என்பதுதான் பலருடைய நம்பிக்கை. பெரும்பாலான டிராக்டர்களில் பின்சக்கரங்களில் மட்டும்தான் பிரேக். இரண்டு டன் டிராக்டருக்குப் பின்னால் மூன்று டன் சரக்கு வந்தால், டிராக்டர் நிற்கப் பார்க்கும், டிரெய்லர் அதை முன்னே நெட்டித் தள்ளும். வளைவிலோ பாலத்து இறக்கத்திலோ இது நடந்தால் இரண்டும் குறுக்கே மடங்கிக் கவிழும். போதாததற்கு இன்னொரு அலட்சியம். டிராக்டரில் இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் பெடல். உழும்போது சட்டென்று திருப்ப அது வசதி. ரோட்டுக்கு வந்ததும் கொண்டியைப் போட்டு இரண்டையும் சேர்த்துவிட வேண்டும். பொன்னேரிக்கரையில் பெங்களூரு நெடுஞ்சாலை ஏறுகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கொண்டியைத் தொடுகிறார்கள்? ஒரு பெடல் மட்டும் மிதிபட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துச் சுழன்றுவிடும்.

டிரெய்லருக்கென்றே தனி பிரேக் உண்டு. ஆஸ்திரேலியாவில் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். அங்கும் அமெரிக்காவிலும் சிறிய டிரெய்லர்களில் மின்சார பிரேக் சர்வசாதாரணம். சக்கர டிரம்முக்குள் ஒரு மின்காந்தம். ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் 12 வோல்ட் மின்சாரம் பாய, காந்தம் சுழலும் டிரம்மோடு ஒட்டி ஒரு நெம்புகோலை இழுக்கும். பிரேக் ஷூ விரிந்து பிடிக்கும். கொக்கி கழன்று டிரெய்லர் தனியே ஓடினால், ஒரு சிறு கம்பி பின்னை உருவிவிடும். டிரெய்லரிலேயே இருக்கும் பேட்டரி பிரேக்கைப் போட்டுவிடும். சேற்றில் இறங்கும் வண்டியில் எர்த் கம்பி துருப்பிடித்தால் எல்லாம் வீண் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் நேராக வெல்டிங் பட்டறைக்குப் போய்விடக் கூடாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் டிரெய்லர் தனி வண்டி. அதற்குத் தனிப் பதிவு, தனி இன்சூரன்ஸ். அனுமதிக்கப்படாத முறையில் வண்டியை மாற்றினாலோ பாகம் பொருத்தினாலோ, பிரிவு 182ஏ-யின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

புதிதாக வாங்குபவர், தயாரிப்பாளரே பிரேக் பொருத்திய டிரெய்லரைக் கேட்டு வாங்குவது உத்தமம். படிவம் 21 விற்பனைச் சான்று, படிவம் 22 சாலைத் தகுதிச் சான்று. இவை இரண்டையும் தர முடியாத பட்டறையில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்கக் கூடாது. இந்த இரண்டோடு படிவம் 20-ஐ நிரப்பித்தான் பதிவு. பழைய டிரெய்லரில் பிரேக் பொருத்த நினைப்பவர், வேலையைத் தொடங்கும் முன்பே காஞ்சிபுரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுக்க வேண்டும். ஆர்.சி. நகல், இன்சூரன்ஸ் நகல், பிரேக் தயாரிப்பாளரின் விவரத்தாள், டிரெய்லர் கட்டியவரின் கடிதம் ஆகியவற்றை இணைத்து, ரசீது முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். புரோக்கரிடம் கொடுத்த மனு மனு ஆகாது. அனுமதி பெற்று மாற்றியபின், பிரிவு 52-ன்படி 14 நாட்களுக்குள் ஆர்.சி.யையும் கட்டணத்தையும் சேர்த்து அங்கேயே தெரிவிக்க வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) வண்டியைப் பார்க்காமல் கையெழுத்துப் போட வந்தால், ஓட்டிக் காட்டுகிறேன் என்று நீங்களே சொல்லுங்கள்.

“அதெல்லாம் இங்கே வழக்கமில்லை” என்று கவுன்டரில் வாய்மொழியாகத் திருப்பி அனுப்புவதுதான் வழக்கம்! மறுப்பதானால் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். எழுத்தில் உத்தரவு கிடைத்தால் பிரிவு 57-ன் கீழ் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பதிலே வராவிட்டால் 10 ரூபாய் செலவில் தகவல் உரிமைச் சட்ட மனு போடலாம். அதற்கு 30 நாட்களில் பதில் தந்தாக வேண்டும்.

இன்சூரன்ஸ் பற்றி மறுபடியும். டிராக்டருக்கு எடுத்த பாலிசி டிரெய்லருக்கும் சேரும் என்று நினைத்துக்கொள்வது பெரிய ஆபத்து. 2007-ல் உச்ச நீதிமன்றம் வரை போன ஓரியண்டல் இன்சூரன்ஸ் வழக்கில், டிராக்டர் விவசாயத்துக்கு மட்டும் இன்சூர் செய்யப்பட்டிருந்தது. ஏற்றிப் போனதோ செங்கல் சூளைக்கு மண். டிரெய்லருக்கு இன்சூரன்ஸே இல்லை. காயம்பட்ட கூலித் தொழிலாளிக்கு நிறுவனம் முதலில் பணம் தந்துவிட்டு, உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றது நீதிமன்றம். அதாவது கடைசியில் வண்டி வைத்திருப்பவர் தலையில்தான் விழும்.

டிரெய்லரில் ஆட்களை ஏற்றுவது அதைவிட மோசம். 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் மாவட்டத்தில், கோயிலுக்குப் போய்த் திரும்பிய டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 26 பேர் இறந்தார்கள். கருட சேவை, தேர்த் திருவிழா என்றால் கிராமத்தோடு டிரெய்லரில் ஏறிக் காஞ்சிபுரம் கிளம்புகிறவர்கள் இதைக் கேட்டும் கேளாதவர்களாக இருக்கிறார்கள்.

விபத்து நடந்துவிட்டால் முதல் தகவல் அறிக்கையில் டிராக்டரின் எண், டிரெய்லரின் எண் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். ஒன்று விடுபட்டாலும் இன்சூரன்ஸ் வழக்கறிஞர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். யார் தவறு என்று நிரூபிக்காமலே, பிரிவு 164-ன்படி உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கேட்கலாம். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடும் பிரிவு 166 மனுவுக்குச் சட்டம் தரும் கெடு 6 மாதம். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்பவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம்.