டுபாய்க்குப் புறப்படும் சகோதரிக்கு

விசா வந்துவிட்டதா சகோதரி? சந்தோஷம். பெட்டி கட்டவும் தொடங்கியிருப்பீர்கள். மாசி, மிளகாய்த்தூள், கறிச்சரக்கு, பிள்ளைகளுக்கு மருந்து என்று ஒவ்வொன்றாக உள்ளே போயிருக்கும். இவற்றையெல்லாம் சுமந்துகொண்டு வராவிட்டாலும் பரவாயில்லை. தேராவிலும் கராமாவிலும் நம் நாட்டுச் சாமான்கள் விற்கும் கடைகள் இருக்கின்றன. சாப்பாட்டுக்கு இங்கே ஒரு குறையும் வராது. குறை வருவது வேறோர் இடத்தில். அதை ஊரில் யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

முதலில் கடதாசி வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடும்பத்தை அழைப்பதற்குக் கணவரின் மாதச் சம்பளம் 4000 திர்ஹமாக இருக்க வேண்டும், அல்லது கொம்பனி வீடு கொடுத்தால் 3000. உங்கள் விவாகச் சான்றிதழை மொழிபெயர்த்து, கொழும்பில் வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவிலும், அதன்பின் அமீரகத் தூதரகத்திலும் உறுதிப்படுத்திக்கொண்டு வாருங்கள். இதை விட்டுவிட்டு வந்தால், வயதான வாப்பாவையோ மாமனாரையோ கொழும்புக்கு அலைய வைப்பீர்கள்.

இனி வீதிக்கு வருவோம்.

நமது நாட்டில் வாகனங்கள் இடப்பக்கத்தால் ஓடுகின்றன. அதனால் வீதியைக் கடக்கும்போது நமது கழுத்து தானாகவே முதலில் வலப்பக்கம் திரும்பும். இங்கே வாகனங்கள் வலப்பக்கத்தால் ஓடும். ஸ்டியரிங் இடப்பக்கத்தில் இருக்கும். எனவே நடந்து போகிறவர் முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். இது பெரிய விடயமா என்று கேட்பீர்கள். நான் 2012ல் வந்த நான்காம் நாள், அல் குசைஸில் பால் வாங்கிவர மகனைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஊர்ப் பழக்கத்தில் வலப்பக்கம் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை, கால் வைத்தேன். இடப்பக்கத்தால் வந்த லொறிக்காரர் பிரேக் பிடித்த சத்தத்தை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. அவர் கோபிக்கவும் இல்லை. கண்ணாடியை இறக்கி, பிள்ளையைப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று முழுவதும் எனக்குக் கை நடுங்கியது.

ஆகவே முதல் ஒரு மாதமாவது பச்சை மனிதன் தெரியும் விளக்கு உள்ள இடத்தில் மட்டும் கடவுங்கள், தூரம் என்றாலும் நடந்து போய். கண்ட இடத்தில் கடந்தால் 400 திர்ஹம் தண்டம். 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின்படி, வேகம் 80 கிலோமீற்றரும் அதற்கு மேலும் உள்ள வீதிகளைக் கால்நடையாகக் குறுக்கே கடப்பதற்கே தடை. டக்ஸியிலிருந்து இறங்கும்போது பிள்ளைகளை வலப்பக்கக் கதவால் இறக்குங்கள். நடைபாதை அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

அடுத்தது வீடு. நம் கணவன்மார் பெரும்பாலும் வாடகையை மட்டும் பார்த்து வீடு எடுக்கிறார்கள். ஷார்ஜாவில் வாடகை குறைவு. அங்கே எடுத்துவிட்டு டுபாயில் வேலைக்குப் போகலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கு பிழையில்லை, ஆனால் அதில் அல் இத்திஹாத் வீதி சேரவில்லை. காலையில் ஷார்ஜாவிலிருந்து டுபாய் நோக்கியும் மாலையில் திரும்பியும் அந்த வீதியில் வாகனங்கள் ஊர்ந்துதான் போகும். இருபது நிமிடப் பயணம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டுவது சாதாரணம். பிள்ளைகள் கண்விழிக்குமுன் வாப்பா போய்விடுவார். தூங்கிய பின் வருவார். ஷார்ஜாவில் மெட்ரோ ரயிலும் இல்லை. வாடகையில் மிச்சம் பிடித்ததைப் பெற்றோலுக்கும் மனக்கசப்புக்கும் கொடுத்த குடும்பங்களை நான் அறிவேன். ஷார்ஜாவில் நன்றாக வாழ்கின்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலையும் ஷார்ஜாவிலேயே.

டுபாயில் வீடு எடுப்பதென்றால் வாடகையோடு இன்னும் சில செலவுகள் ஒரேயடியாக வரும். மின்சாரம், தண்ணீருக்கு தேவா நிறுவனத்தில் மாடி வீட்டுக்கு 2000 திர்ஹம் வைப்புப்பணம், தரகர் கூலி, வீட்டு ஒப்பந்தத்தை ‘இஜாரி’யில் பதியும் செலவு. அதன்பின் மாதா மாதம் மின்சாரக் கட்டணச் சீட்டிலேயே வருட வாடகையின் நூற்றுக்கு ஐந்து வீதத்தைப் பகிர்ந்து வீட்டு வரியாக எடுப்பார்கள். வாடகைக்கு முன்திகதியிட்ட காசோலைகள் கொடுக்க வேண்டும். இவற்றைக் கணவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். “வீட்டிலிருந்து நான் நடந்து போகக்கூடிய தூரத்தில் என்ன இருக்கிறது?” மெட்ரோ, பலசரக்குக் கடை, பள்ளிவாசல், பிள்ளைகள் விளையாட ஒரு பார்க். இந்த நான்கும் பத்து நிமிடத்துக்குள் இருந்தால், அறை சிறிதானாலும் அந்த வீட்டை எடுக்கச் சொல்லுங்கள்.

ஏன் இப்படி வற்புறுத்துகிறேன் தெரியுமா? இது காருக்காகக் கட்டப்பட்ட நகரம். ஷெய்க் சாயித் வீதியில் ஒரு பக்கத்திற்கே ஆறு ஏழு வரிசைகள் ஓடும். ஊரில் நாம் வாசலில் நின்று கையைக் காட்டினால் முச்சக்கர வண்டி நிற்கும்; பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பலாம். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. ஜூலை, ஓகஸ்டில் வெயில் 40 பாகையைத் தாண்டி நிற்கும்போது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடப்பீர்கள்? கார் கணவரிடம்; கணவர் வேலையில். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அவர் வரும்வரை காத்திருப்பு. சீனி முடிந்தாலும் காத்திருப்பு. எனது முதல் எட்டு மாதமும் அப்படித்தான் கழிந்தது. உம்மா போனில், “என்ன மகள், டுபாய் எப்படி?” என்று கேட்பார். நான் என் ஜன்னலில் தெரிந்த கார் தரிப்பிடத்தைப் பற்றித்தான் சொல்லக்கூடியதாக இருந்தது.

என்னை வெளியே இறக்கியவர் எதிர்வீட்டுக் கேரளத்துச் சகோதரி. “இத்தாத்தா கூட இருக்கேன், வா” என்று மெட்ரோவுக்குக் கூட்டிப்போனார். டுபாய் மெட்ரோ 2009 செப்டெம்பரில் ஓடத் தொடங்கியது. எங்கள் பக்கத்துப் பச்சை வழி 2011ல். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனிப் பெட்டி உண்டு; ஆண்கள் ஏறினால் அவர்களுக்குத் தண்டம். ‘நோல்’ அட்டை ஒன்று வாங்கிப் பணம் போட்டுக்கொண்டால் மெட்ரோ, பஸ் இரண்டுக்கும் போதும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் உள்ளே பிள்ளைக்கு பிஸ்கட் கொடுத்துவிடாதீர்கள்! சாப்பிட்டால் 100 திர்ஹம். டக்ஸியில் ஏறினாலே பன்னிரண்டு பதின்மூன்று திர்ஹமாவது ஆகும். பெண்கள் ஓட்டும், இளஞ்சிவப்புக் கூரை போட்ட டக்ஸிகளும் இருக்கின்றன. இரவில் விமான நிலையத்தில் தனியாக வந்திறங்கும் சகோதரிகளுக்கு அது பெரிய உதவி.

‘கார் லிஃப்ட்’ என்று ஒன்றைக் கேள்விப்படுவீர்கள். மாதம் இவ்வளவு என்று பேசி ஒருவர் தன் சொந்தக் காரில் உங்களை ஏற்றி இறக்குவது. அனுமதி இல்லாமல் செய்தால் சட்டவிரோதம். வழியில் மறித்தால் சாரதி தப்பப் பார்ப்பார், நீங்கள் வீதியோரத்தில் நிற்பீர்கள். மலிவு என்று பிள்ளைகளை அதில் பாடசாலைக்கு அனுப்ப வேண்டாம்.

இவ்வளவும் தற்காலிக வழிகள். என்னைக் கேட்டால், முதல் வருடத்தில் வளையல் வாங்காதீர்கள். சாரதி அனுமதிப்பத்திரம் எடுங்கள். எனக்கு எல்லாமாக ஆறாயிரம் திர்ஹம் அளவில் முடிந்தது. தங்கத்தை விற்றாலும் வாங்கிய விலை வரும் என்று சில சகோதரிகள் சொல்வார்கள். லைசன்ஸை விற்க முடியாது, உண்மைதான். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் வளையல் ஸ்டியரிங் பிடிக்காது.

வதிவிட விசா பதிந்தவர்கள் சர்வதேச அனுமதிப்பத்திரத்தை வைத்து ஓட்ட முடியாது. அது சுற்றுலா விசாவில் வந்தவர்களுக்குத்தான். சில நாடுகளின் லைசன்ஸை நேரே மாற்றிக் கொடுப்பார்கள். நான் எடுத்தபோது நம்முடையது அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியல் கூடிக்கொண்டு வருவதால் புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். மாற்ற முடியாதவர்கள் சாரதிப் பயிற்சிப் பாடசாலையில் சேர வேண்டும். கண் பரிசோதனை, வகுப்புகள், கணினியில் கேள்வி பதில் பரீட்சை (தமிழிலும் செய்யலாம்), அதன்பின் வாகனப் பயிற்சி, தரிப்பிடப் பரீட்சை, கடைசியாக வீதிப் பரீட்சை. பெண் பயிற்றுநர்களைக் கேட்டுப் பெறலாம். தானியங்கிக் கியர் காரில் பரீட்சை கொடுத்தால் அந்த வகைக் கார் மட்டுந்தான் ஓட்டலாம்; நமக்கு அது போதும்.

நான் வீதிப் பரீட்சையில் இரண்டு முறை தோற்றேன். ஒவ்வொரு தோல்விக்கும் மீண்டும் வகுப்பு, மீண்டும் பணம். முதல் முறை சுற்றுவட்டத்தில். ஊரில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிடுவோம். இங்கே இடப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு. இரண்டாம் முறை பயத்தில் அளவுக்கு மிஞ்சி மெதுவாக ஓட்டினேன். மெதுவும் இங்கே குற்றந்தான். மூன்றாம் முறை பரீட்சகர் அம்மணி ஒரு வார்த்தையும் பேசவில்லை. இறங்கும்போது “மப்ரூக்” என்றார்.

இந்த இடைக்காலத்தில் உங்கள் கணவர் அன்பின் மிகுதியால், “வா, வெள்ளிக்கிழமை வெட்டை வெளியில் நான் பழக்கிவிடுகிறேன்” என்று சொல்வார். வேண்டாம். இங்கே பயிற்சி என்பது பாடசாலைக் காரில், அனுமதி பெற்ற பயிற்றுநரோடு மட்டும். லைசன்ஸ் இல்லாத கையால் விபத்து நடந்து ஓர் உயிர் போனால், இரத்த ஈட்டுத்தொகையான தியத் 200,000 திர்ஹம். லைசன்ஸ் இல்லாதவர் ஓட்டியிருந்தால், காப்புறுதிக் கொம்பனி கொடுத்த பணத்தையும் உங்களிடமே திரும்பக் கேட்கலாம். அந்தக் கடனோடு ஊர் திரும்பவும் முடியாது.

ஓட்டத் தொடங்கிய பிறகு தண்டங்களைக் கவனியுங்கள். வேகத்தைப் பிடிப்பது பொலிஸ்காரர் அல்ல, கெமரா. டுபாயில் பலகையில் எழுதியதைவிட 20 கிலோமீற்றர் கூடும்வரை கெமரா விடும். அபூதாபியில் அந்தச் சலுகையை 2018ல் நிறுத்திவிட்டார்கள். எல்லை தாண்டும்போது இது தெரியாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் ஏராளம். பின் ஆசனத்தில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும்; நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி ஆசனம் வேண்டும். இரண்டுக்கும் 400 திர்ஹமும் நான்கு கறுப்புப் புள்ளியும். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு முன்னால் உட்காரும் நம் ஊர்ப் பழக்கத்தைக் கட்டுநாயக்காவிலேயே விட்டுவிடுங்கள். பாடசாலை பஸ் ‘நில்’ பலகையை நீட்டினால் இரு பக்க வாகனங்களும் நிற்க வேண்டும்; தவறினால் 1000. சிவப்பு விளக்கை மீறினால் 1000 திர்ஹமோடு காரையும் பிடித்துவைப்பார்கள். 2023 முதல் டுபாயில் அந்தக் காரை மீட்க 50,000 திர்ஹம். ஒரு வருடத்தில் 24 புள்ளி சேர்ந்தால் லைசன்ஸ் போய்விடும். வருடா வருடம் முல்கியாவைப் புதுப்பிக்கப் போகும்போது எல்லாத் தண்டமும் ஒன்றாக முன்னால் வந்து நிற்கும்.

‘சாலிக்’ வாயிலில் யாரும் மறிக்க மாட்டார்கள். கண்ணாடியில் ஒட்டிய அட்டையிலிருந்து பணம் தானாகக் கழியும். முன்பு எந்நேரமும் 4 திர்ஹம். 2025 ஜனவரி கடைசியிலிருந்து காலை ஆறு முதல் பத்துவரையும் மாலை நான்கு முதல் எட்டுவரையும் 6 திர்ஹம். நோன்பு காலத்தில் நேரங்கள் மாறும். பாலத்தைச் சுற்றிப் போனால் மிச்சம் என்று சிலர் அலைவார்கள். பெற்றோலைக் கணக்குப் பார்க்கமாட்டார்கள்.

விபத்து சிறிதாக இருந்தாலும் பொலிஸ் பத்திரம் இல்லாமல் கராஜில் கை வைக்க மாட்டார்கள். வாய்த்தர்க்கம் வேண்டாம். கோபத்தில் விரலால் காட்டும் ஒரு சைகைக்கே நீதிமன்றம் போய் நாடு கடத்தப்பட்டவர்கள் உண்டு. நோன்பு காலத்தில் இஃப்தாருக்கு முந்திய அரை மணித்தியாலம் வீதிக்கே போகாதீர்கள். அத்தனை பேரும் பசியோடு வீட்டுக்குப் பறப்பார்கள். பிந்திப்போனால் கவலைப்பட வேண்டாம், சமிக்ஞை விளக்கடியில் இளைஞர்கள் பேரீச்சம்பழமும் தண்ணீரும் நீட்டுவார்கள். அதை வாங்கி நோன்பு திறந்துகொண்டு மெதுவாகப் போங்கள். வெயில் காலத்தில் ஐந்து நிமிடத்துக்குக்கூடப் பிள்ளையைக் காருக்குள் விட்டுவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள், தூங்கினாலும் தூக்கிக்கொண்டே போங்கள்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். உங்களிடம் இலங்கை லைசன்ஸ் இருக்கிறதா? இருந்தால் அதற்கும் இங்கே மதிப்புண்டு. லைசன்ஸ் இல்லாதவர் டுபாயில் 20 மணித்தியாலப் பயிற்சி எடுக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருப்பவருக்கு 15. ஐந்து வருடத்தைத் தாண்டியவருக்குப் 10. மணித்தியாலம் குறைந்தால் பணமும் குறையும். என்னுடையதை நான் ஊரில் அலுமாரிக்குள் விட்டுவிட்டு வந்து, இருபது மணித்தியாலமும் ஓடித் தீர்த்தேன். நீங்கள் அதை மாசிப் போத்தலோடு பெட்டிக்குள் போடாமல், கடவுச்சீட்டோடு சேர்த்துக் கைப்பையில் வையுங்கள்.