விண்மீன் தேடும் கைக்கருவிக்கு ஏலமில்லா அலைவரிசை

புது தில்லி: தொலைநோக்கியில் சனிக் கோளைப் பெரிதாக்கிப் பார்க்கையில் விரல் பட்டாலே காட்சி நடுங்கும், கட்டுப்பாட்டுக் கருவியின் கம்பி இழுபட்டாலும் அப்படியே. எனவே, அமெச்சூர் வானியல் ஆர்வலர்கள் பலர் கம்பியில்லாக் கைக்கருவியை நாடுகின்றனர். இரண்டு விண்மீன்களைக் காட்டிக் கொடுத்தால் போதும். பின்னர் பொத்தானை அழுத்தியதும் மோட்டார் பொருத்திய தொலைநோக்கி தானே கோளை நோக்கித் திரும்பும்.

இந்த வசதிக்குப் பின்னே ஒரு சட்ட மாற்றம் உண்டு. உரிமமின்றிக் கம்பியில்லாத் தொடர்புக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது 1933-ஆம் ஆண்டுச் சட்டம். 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் குறைந்த திறன் கருவிகளுக்கு மத்திய அரசு உரிம விலக்கு அளித்தது. வைஃபையும் புளூடூத்தும் வீடுகளுக்குள் வர வழிவகுத்த அதே விலக்குதான் இக்கைக்கருவிக்கும் துணை.

ஆனால், விலக்கு உண்டே தவிர, பாதுகாப்பு இல்லை. அண்டை வீட்டு வைஃபை குறுக்கிட்டால் முறையிட இயலாது. அடுக்குமாடிகள் நெருங்கிய தில்லியில் பழைய கம்பியையும் உடன் வைத்திருப்பதே விவேகம்.

2010-இல் 3-ஜி அலைக்கற்றை ஏலம் அரசுக்கு 67 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டித் தந்தது. ஏலமின்றிப் பொதுவில் விடப்பட்ட சிறு துண்டின் பயனையும் அரசியல் கட்சிகள் மறந்துவிடலாகாது.