போல்ட்டுக்கும் பில் கேளுங்கள்

கிளட்ச் மாற்றும்போது பிளேட் எந்தக் கம்பெனி என்று கேட்கிறோம். கிளட்சின் பிரஷர் பிளேட்டை ஃப்ளைவீலோடு பிடித்துவைக்கும் போல்ட்டுகள் யார் செய்தவை என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பல பில்களில் அவற்றுக்கு ஒரு வரிகூட இருக்காது. கழற்றிய பழைய போல்ட்டே திரும்ப ஏறியிருக்கலாம், டப்பாவில் கிடந்த ஏதோ ஒன்று ஏறியிருக்கலாம். வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்ஜினின் விசை சக்கரத்துக்குப் போகும் வழியில் ஃப்ளைவீல், கிளட்ச், புரொப்பல்லர் ஷாஃப்ட், கிரௌன் வீல் என்று முக்கியமான இணைப்புகள் பலவும் போல்ட்டை நம்பித்தான் இருக்கின்றன. முறுக்கும்போது நல்ல போல்ட் இம்மியளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்ப முயலும் அந்த இழுப்புதான் இரண்டு தகடுகளையும் இறுக்கி வைக்கிறது. விசையைக் கடத்துவது பெரும்பாலும் அந்தத் தகடுகளுக்கு இடையிலான உராய்வு. மட்டமான எஃகு இந்த இழுப்பைத் தாங்காமல் நிரந்தரமாக நீண்டு, பிடி தளர்ந்துவிடும். தகடுகள் வழுக்கும், ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் போல்ட்டின் மேல் பக்கவாட்டில் அடி விழும். மரையின் அடியில் நுண்ணிய விரிசல் விழுந்து, நாளுக்கு நாள் வளர்ந்து, ஒருநாள் முறியும். ஓடும் வண்டியில் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முன்முனை கழன்று சாலையில் குத்தினால் என்ன ஆகும் என்று ஓட்டுநர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போல்ட்டின் தலையில் 8.8, 10.9, 12.9 என்று எண் பொறித்திருக்கும். 10.9 என்றால், முறிவதற்கு ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 100 கிலோ இழுப்பு வேண்டும். அதில் 90 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். 8.8 போல்ட்டுக்கு அது 80 கிலோ, 80 சதவீதம். 10.9 இருக்க வேண்டிய இடத்தில் 8.8 போட்டால், தலையில் உள்ள எண்ணைத் தவிர வெளியே வித்தியாசம் தெரியாது. எண்ணுக்குப் பக்கத்தில் தயாரிப்பாளரின் குறியும் இருக்க வேண்டும் என்பது ஐ.எஸ்.1367 தரநிலையின் விதி. அந்தக் குறி இல்லாத போல்ட்டுக்குப் பொறுப்பாளி இல்லை. எண்ணை யாரும் பொறித்துவிடலாம் என்பதும் உண்மைதான். அமெரிக்காவில் 1980-களில் போலித் தரக்குறியுடன் போல்ட்டுகள் பரவியதால்தான் 1990-இல் அங்கே தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள்.

‘இருப்பதிலேயே பலமானது போடுங்கள்’ என்று கேட்பதும் ஆபத்துதான். 12.9 போன்ற கடின எஃகுக்கு மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்துவிடும். உடனே சூளையில் வைத்து அதை வெளியேற்றாவிட்டால், முறுக்கி முடித்துச் சில மணி நேரத்திலோ சில நாளிலோ தலை தானாகத் தெறிக்கலாம். அந்த வண்டியின் சர்வீஸ் கையேடு சொல்லும் தரமே சரியான தரம். ‘ஒரு முறைதான் பயன்படுத்த வேண்டும்’ என்று கையேடு சொன்னால் பழைய போல்ட்டைத் திரும்பப் போடவே கூடாது. முறுக்குவதும் டார்க் ரெஞ்சில் நடக்கட்டும். ஸ்பேனரில் நாம் கொடுக்கும் விசையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இறுக்கமாக மாறுகிறது. மற்றது உராய்வில் போய்விடும். உலர்வாக முறுக்கச் சொன்ன இடத்தில் எண்ணெய் பட்டால்கூடக் கணக்கு மாறும்.

ஆகவே வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: “அண்ணே, போல்ட்டு புதுசாவே போட்டுடுங்க, பில்லுல தனியா எழுதிக் குடுங்க, பழசையும் ஒரு கவர்ல போட்டுக் குடுங்க.” இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை.

அதே சட்டத்தின் 84-ஆம் பிரிவு குறையுள்ள பொருளால் வரும் தீங்குக்குத் தயாரிப்பாளரையும், 85-ஆம் பிரிவு தவறாகச் செய்த வேலைக்குச் சேவை தருபவரையும் பொறுப்பாக்குகின்றன. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாவிட்டால்? 86-ஆம் பிரிவு அந்தப் பொறுப்பை விற்றவர் மீது வைக்கிறது. பெயரில்லாத போல்ட்டை விற்ற கடைக்காரர் ‘எனக்குத் தெரியாது சார்’ என்று நகர்ந்துவிட முடியாது. ஆனால் அவர்தான் விற்றார் என்பதைக் காட்ட உங்களிடம் பில் இருக்க வேண்டும். பொருளை நீங்களே மாற்றியமைத்ததாலோ தவறாகப் பயன்படுத்தியதாலோ தீங்கு நேர்ந்திருந்தால் 87-ஆம் பிரிவு விற்றவருக்கு உதவும் என்பதையும் மறக்க வேண்டாம்.

முறிந்த போல்ட்டைத் தூக்கி எறியாதீர்கள், தேய்த்துச் சுத்தம் செய்யாதீர்கள், இரண்டு துண்டுகளையும் பொருத்திப் பார்க்காதீர்கள். மெல்ல வளர்ந்த விரிசலில் முறிந்த முகம், அலை பின்வாங்கிய மணல்போல் வரி வரியாக இருக்கும். ஆய்வாளர் படிப்பது அதைத்தான். படம் எடுத்து, எண்ணெய்த் தாளில் தனித்தனியே சுற்றி, தேதி எழுதி வையுங்கள். குறையைக் கண்டறியச் சோதனை தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையம் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும். 45 நாளில் அறிக்கை கேட்கும். கட்டணத்தை உங்களைச் செலுத்தச் சொல்லலாம்.

முதலில் கடைக்கும் ஷெட்டுக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். பலனில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நீங்கள் வசிக்கும் ஊரிலோ வேலை செய்யும் ஊரிலோ, இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை; வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். வாடகைக் கார் என்பதால் உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சொந்தமாக ஓட்டிப் பிழைப்பவரையும் நுகர்வோர் என்றே சட்டம் ஏற்கிறது.